அலிகேட்ஸ்: மலாய் மொழியில் பாடி ஒரு நாட்டின் மனதைப் பிடித்த தமிழ் அண்ணன் தம்பி



மலேசியா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், 2016-இல் வந்த 'கபாலி' படம். கொஞ்சம் படிக்கிற பழக்கம் இருந்தால் ரப்பர் தோட்டம், கங்காணி, சயாம் மரண ரயில். எங்கள் ஊரில் 1998-இலிருந்து நடந்துவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் மலேயாத் தமிழர்களைப் பற்றி நான் புரட்டிப் பார்த்த புத்தகங்கள் எல்லாமே துயரக் கதைகள்தான். அவை பொய் இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் சந்தோஷமான ஒரு அத்தியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த அத்தியாயத்தின் பெயர் அலிகேட்ஸ். 'சந்துப் பூனைகள்' என்று அர்த்தம். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு தமிழ்ச் சகோதரர்கள் முன்னால் நின்று பாடிய இசைக்குழு. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் மலேசியா முழுக்க இவர்கள் பாட்டுதான். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் ஒலித்தது. இதில் முக்கியமான விஷயம், இவர்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாட்டுகள் தமிழில் இல்லை, மலாயில் இருந்தன.

இது ராக் இசைக்குழுவா, பாப் இசைக்குழுவா என்று சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். கிடார், டிரம்ஸ், ஆங்கிலப் பாட்டு என்று அந்தக் காலத்து ராக் பையன்களாகத் தொடங்கி, மெலடியில் போய் நின்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. பள்ளிக்கூடம், வானொலி, கட்சி எல்லாமே இனவாரியாகப் பிரிந்து கிடந்த ஒரு நாட்டில், சிறுபான்மை இனத்துப் பையன்கள் இருவரை எல்லாரும் எப்படி 'நம்ம ஆள்' என்று ஏற்றுக்கொண்டார்கள்?

முதலில் ஒரு பிளாஷ்பேக்

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அதைக் கட்டிய ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் தாண்டி அடித்த கடாரம் இன்றைய கெடா மாநிலம். பினாங்கு அதற்கு ஒட்டிய பக்கத்து மாநிலம். ஆக, நமக்கும் அந்தக் கரைக்கும் தொடர்பு பழசு.

மொழியிலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. மலாயில் கப்பலுக்குக் 'காப்பால்', கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெத்தி', குளத்துக்குக் 'கோலாம்', சுருட்டுக்குச் 'செருத்து'. வியாபாரிகளோடு போன தமிழ்ச் சொற்கள் அப்படியே அங்கே தங்கிவிட்டன. சமஸ்கிருதச் சொற்களும் ஏராளம். 'சுவாரா' என்றால் குரல், நம் ஸ்வரம்தான். 'சிந்தா' என்றால் காதல். நமக்குச் சிந்தையாகவும் சிந்தனையாகவும் இருக்கும் சொல், கடல் தாண்டியதும் காதலாகிவிட்டது!

பெருங்கூட்டமாகத் தமிழர்கள் போனது ஆங்கிலேயர் காலத்தில். 1786-இல் பினாங்குத் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிறகு கரும்பு, காப்பி, அதற்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர். தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகவும், ரயில்வே, துறைமுக வேலைக்கும் ஆட்கள் போனார்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். 'ரஜூலா' கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அது இந்த வழியில்தான் ஓடியது. 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

கலையுலகிலும் நம் ஆட்கள் சும்மா இல்லை. மலாய் சினிமாவின் சூப்பர் ஸ்டார் பி.ரம்லி 1929-இல் பினாங்கில் பிறந்த மலாய்க்காரர். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எல்லாம் அவரே. அவரை 1950-இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் கதாநாயகனாக்கியவர் எல்.கிருஷ்ணன், சென்னையில் பிறந்த தமிழர். படத்தின் பெயரைக் கவனித்தீர்களா? ஆனால் இவர்கள் எல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள். மேடையின் நடுவில், மைக்குக்கு முன்னால் தமிழ் முகம் வந்து நிற்க இன்னும் முப்பது வருடம் ஆனது.

பினாங்குப் பையன்கள்

1960-களில் உலகம் முழுக்க பீட்டில்ஸ் ஜுரம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அது தெருத்தெருவாகக் கிடார் குழுக்களாக முளைத்தது. இவற்றுக்கு மலாயில் 'குகிரான்' என்று ஒரு புதுச்சொல்லே உருவானது. 'கும்புலான் கிதார் ராஞ்சாக்', அதாவது துள்ளலான கிடார் குழு என்பதன் சுருக்கம். அவர்கள் பாடிய மலாய்ப் பாட்டுக்கு 'பாப் யே யே' என்று பெயர்.

பினாங்கு அந்த நேரத்தில் ஒரு வினோதமான ஊர். துறைமுகம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் தளம். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வரும் அமெரிக்கச் சிப்பாய்கள் வேறு. ஓட்டல், பார், நடன அரங்கு எல்லாவற்றிலும் ஆங்கிலப் பாட்டு வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கிடார் வாசிக்கத் தெரிந்த பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? அறுபதுகளின் இறுதியில் ஆறுமுகம் சகோதரர்கள் குழு ஆரம்பித்தார்கள். முதலில் வைத்த பெயர் 'ஃப்ரஸ்ட்ரேட்டட் மைண்ட்ஸ்', நம்ம பாஷையில் சொன்னால் 'நொந்துபோன மனசுகள்'. பிறகுதான் அலிகேட்ஸ் ஆனார்கள்.

1969 மலேசியாவுக்கு மோசமான வருடம். மே 13 அன்று கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. அதே காலத்தில் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. எழுபதுகளில் அலிகேட்ஸ் ஹாங்காங் போய், அங்கே கிளப்புகளில் வருடக்கணக்கில் பாடிப் பிழைத்தார்கள். பீட்டில்ஸ் பெரிய ஆள் ஆவதற்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்து மெருகேறியதைப் படித்திருப்பீர்கள். இவர்களுக்கு ஹாங்காங் அப்படி ஒரு பயிற்சிப் பட்டறை.

அந்தத் தலைமுடி!

பழைய படங்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பாட்டுக்காரர்கள் இல்லை, அவர்கள் தலைமுடி. உருண்டையாக, புதர் மாதிரி நிற்கும் 'ஆஃப்ரோ'. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 'எங்கள் முடி இப்படித்தான், அழகாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்ட காலத்து ஸ்டைல் அது.

அந்த வட்டாரத்தில் அப்போது நீள முடியே சந்தேகத்துக்குரிய விஷயம். சிங்கப்பூரில் நீள முடி ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் வேலை நடக்கும் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். 1972-இல் லெட் ஸெப்பலின் குழுவின் சிங்கப்பூர் நிகழ்ச்சி அவர்கள் முடியால்தான் நின்றுபோனது.

இங்கே நான் யோசித்த ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர் சினிமாவில் கதாநாயகன் முகத்துக்குப் பவுடர் பூசிப் பூசியே பல வருடம் போனது. சிவப்பழகு கிரீம் விற்காத கடை கிடையாது. அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கறுத்த தமிழ் இளைஞர்கள், சுருட்டை முடியைப் படிய வாராமல் பெரிதாக வளர்த்துக்கொண்டு வந்து நின்று, ஒரு நாட்டின் காதல் பாட்டுகளுக்கே முகமானார்கள். இதற்கு அவர்கள் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. பாடினார்கள், அவ்வளவுதான்.

1979: 'தெரிமா காசே'

1979-இல் அவர்களின் முதல் மலாய் ஆல்பம் 'தெரிமா காசே' வந்தது. 'நன்றி' என்று பொருள். அதிலிருந்து ஏறுமுகம். 'செக்குந்தும் மாவார் மேரா' (ஒற்றைச் சிவப்பு ரோஜா), 'ஹிங்கா ஆக்கிர் நந்தி' (இறுதி வரைக்கும்), 'சம்பாய்க்கான் சாலாம் சிந்தாக்கு' (என் காதலின் வணக்கத்தைக் கொண்டு சேர்), 'சுவாரா கெக்காசே' (காதலரின் குரல்), 'செஞ்ஞும்லா கோலாலம்பூர்' (புன்னகை செய், கோலாலம்பூரே) என்று ஹிட்டுக்கு மேல் ஹிட்.

இதன் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சிங்கப்பூரில் 1957-இல் பிறந்த மலாய் இளைஞர் எம்.நாசிர். அப்போது வயது இருபத்திரண்டுதான். பிற்காலத்தில் மலாய் இசையுலகமே 'சிஃபு' (குரு) என்று கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தவர். இன்னொருவர் பாடலாசிரியர் எஸ்.அமின் ஷஹாப். மலாய்க் கவிஞனின் சொல், மலாய் இளைஞனின் மெட்டு, தமிழனின் குரல். யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை. பாட்டு நன்றாக வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஏன் அந்த நேரத்தில் இப்படி வெடித்தது? எனக்குத் தோன்றும் காரணம் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970-இலிருந்து ஆங்கிலவழிப் பள்ளிகள், ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. 1970-இல் ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 1979-இல் என்ன வயது? பதினாறு! காதல் பாட்டு கேட்கிற சரியான வயது.

ஆக, சீன, தமிழ், மலாய்ப் பிள்ளைகள் பலர் மலாய்வழியில் சேர்ந்து படித்து வளர்ந்த முதல் தலைமுறை, பாட்டு கேட்கும் வயதுக்கு வந்த நேரத்தில் அலிகேட்ஸ் வந்து நின்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மலாய் அதுவரை பரீட்சைக்கான மொழி. கேசட்டைப் போட்டால், வீட்டில் தமிழ் பேசும் இரண்டு பேர் அதே மொழியில் உருகி உருகிப் பாடுகிறார்கள். 'இந்த மொழியில் எனக்கும் உரிமை உண்டு' என்று யாரும் வகுப்பெடுக்காமலே புரிந்திருக்கும். மலாய்க்காரர்களுக்கோ, தங்கள் மொழியை இன்னொருவர் இவ்வளவு ஆசையாக உச்சரித்துக் கேட்பதில் ஒரு பெருமை. அரசாங்கம் 1971-இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை எழுதிவைத்தது. அந்தக் காகிதத்தை விட இந்தக் கேசட்டுகள் அதிக வேலை செய்திருக்கும் என்பது என் கருத்து.

2007: ஒரே வருடத்தில் இரண்டு செய்திகள்

இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உண்மையான காரணம் இந்தப் பகுதிதான்.

2007 ஜூன் 4 அன்று லோகா (லோகநாதனை எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள்) நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பதுகளில்தான். இன வித்தியாசம் இல்லாமல் ரசிகர்கள் அழுதார்கள். 'அண்டாய்ஞா ஆக்கு பெர்கி டுலு' என்று அலிகேட்ஸ் பாட்டு ஒன்று உண்டு. 'ஒருவேளை நான் முந்திப் போய்விட்டால்' என்று அர்த்தம். அந்தத் தலைப்பை இப்போது படித்தாலே தொண்டை அடைக்கிறது.

அதிலிருந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் அமைப்பின் பேரணி. ஆயிரக்கணக்கான மலேசியத் தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோயில்கள் இடிக்கப்படுவது, கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கப்படுவது, தோட்டங்கள் மூடப்பட்டபின் நகரத்தின் ஓரத்தில் வறுமையில் கிடப்பது என்று பல வருடக் குமுறல். போலீஸ் கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும் அடித்தது. அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி கவலை தெரிவித்ததும், 'எங்கள் விஷயத்தில் தலையிடாதீர்கள்' என்ற தோரணையில் ஒரு மலேசிய அமைச்சர் பதில் சொன்னார். அடுத்த மார்ச்சில் நடந்த 2008 தேர்தலில், சுதந்திரத்திலிருந்து ஆண்டுவந்த கூட்டணி தன் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு மாநில ஆட்சியும் எதிர்க்கட்சிக்குப் போனது.

ஒரே நாடு, ஒரே வருடம். ஜூனில் ஒரு தமிழனுக்காக நாடு அழுகிறது. நவம்பரில் அவன் இனத்து மக்கள் மேல் கண்ணீர்ப்புகை அடிக்கப்படுகிறது. இதில் எது உண்மையான மலேசியா?

இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஒரு பாடகனை நேசிப்பதற்கு நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கேசட் காசு போதும். ஆனால் வேலை, நிலம், கல்லூரி இடம் என்று வரும்போது, ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் குறைகிறது. அங்கே அன்பு மட்டும் போதாது, சட்டம் வேண்டும். அலிகேட்ஸை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். அவர்கள் வேலை பாடுவது, அதை ஒழுங்காகச் செய்தார்கள். 'பார்த்தீர்களா, தமிழர்கள் எங்கள் நாட்டில் எவ்வளவு உயர்ந்திருக்கிறார்கள்' என்று அவர்களைக் காட்டி மற்றவர்கள் வாயை அடைக்கப் பார்த்தால்தான் தப்பு.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் கேட்கும். ஓணத்துக்குப் பாயசம் வரும், பொங்கலுக்கு நாங்கள் கொடுப்போம். விழா மேடையில் யார் எந்த மொழியில் பாடினாலும் கைதட்டல் ஒன்றுதான். 1956-இல் தொடங்கிய நிறுவனம் நாடு முழுக்கவிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததால் கிடைத்த வரம் இது. ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் நிலம் கொடுத்தவர்கள் நிரந்தர வேலை கேட்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல வருடம் போராடியிருக்கிறார்கள். 2023-இல் வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் இயந்திரம் இறங்கிய காட்சியை டிவியில் எல்லாரும் பார்த்தோம். விழாவில் தட்டிய கை பொய் இல்லை. அந்தக் கைதட்டலால் இந்தக் கணக்கு தீரவும் இல்லை.

நாம் ஏன் இவர்களைக் கேள்விப்படவே இல்லை?

காரணம் சாதாரணமானது. தமிழில் பாடாத தமிழர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. மலேசியாவிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை தமிழில் ராப் பாடிய யோகி பி. போன்றவர்களின் பாட்டுகள்தான். அலிகேட்ஸை உள்ளே விட மொழி தடுத்தது. வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் அமைச்சரானால் போஸ்டர் அடிக்கிறோம். ஒரு நாட்டின் காதல் மொழியையே தங்கள் குரலாக்கிய இருவரை நமக்குத் தெரியாது.

அவர்கள் தமிழை விட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. 'ஆறுமுகம்' என்ற பெயரோடுதான் மேடை ஏறினார்கள். டேவிட் பின்னாளில் 'டத்தோ' பட்டம் பெற்றபோதும் டத்தோ டேவிட் ஆறுமுகம்தான். கோடிக்கணக்கான மலேசியர்களின் வாயில் அறுபடை முருகன் பெயர் புழங்கியது. மலாய்க்காரர்களும் சீனர்களும் அதை அவர்கள் பாணியில் உச்சரித்தார்கள், அவ்வளவுதான் :-)

லோகாவின் மறைவுக்குப் பிறகும் டேவிட் அலிகேட்ஸ் பெயரில் தொடர்ந்து மேடை ஏறினார். பழைய பாட்டுகள் யூடியூபில் கிடைக்கின்றன. மலாய் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் 'ஹிங்கா ஆக்கிர் நந்தி'யைக் கேளுங்கள். அப்புறம் 'செக்குந்தும் மாவார் மேரா'. நடுவில் 'சிந்தா' என்ற சொல் காதில் விழுந்தால், அது எந்தக் கரையிலிருந்து போனது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை வகுப்பில் யாராவது 'மலேசியாவில் தமிழர்கள் எப்படி இருக்கிறார்கள்' என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடாதீர்கள். 2007-இன் இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.